குழந்தை வளர்ச்சியும் வயதுக்கட்டங்களும்: வார்டில் நிஜமாக எப்படிப் பார்க்கிறீர்கள்?

வார்டுக்குப்புதுசு:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் குழந்தைகள் வார்டு போஸ்டிங் தொடங்குகிறது. கழுத்து நிற்பது 3–4 மாதம், பிடிமானம் இல்லாமல் உட்காருவது 8 மாதம், நடப்பது 12 மாதம் என்று எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் ஓ.பி.யில் 13 மாதக் குழந்தையைத் தூக்கிவந்த ஒரு அம்மா "இன்னும் நடக்கலையே சிஸ்டர்" என்று கேட்டபோது, அங்கே இருந்த இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னார்கள். ஒருவர் "அதெல்லாம் நடந்துடும், கவலைப்படாதீங்க" என்றார். இன்னொருவர் டாக்டரிடம் காட்டச் சொன்னார். எது சரி?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் என்னைப் பார்த்ததுமே அலறுகிறார்கள். நாடித்துடிப்புகூட எண்ண முடிவதில்லை. எந்த வயதுக் குழந்தையிடம் எப்படிப் பழகுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வார்டு:

தங்கச்சி, நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன், டூட்டிக்குக் கிளம்ப வேண்டும்.

"12 மாதத்தில் நடக்கும்" என்பது ஏறக்குறைய நடுப்புள்ளி. பாதிக் குழந்தைகள் அதற்கு முன்னால் நடக்கும், பாதி பின்னால் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளை மாதாமாதம் பார்த்து 2006-இல் ஒரு வரம்பு வெளியிட்டது. நம் நாட்டிலிருந்து டெல்லிக் குழந்தைகள் அதில் இருந்தார்கள். அதன்படி தனியாக நடப்பதற்கான வரம்பு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. பிடிமானமில்லாமல் உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 மாதம். அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் முழங்காலிட்டுத் தவழவே இல்லை, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். அதனால் "தவழாமலே எழுந்து நின்னுடுச்சே" என்று யாராவது பயந்தால் தைரியமாகச் சமாதானம் சொல்லலாம்.

ஆனால் 13 மாதக் குழந்தையின் அம்மாவிடம் இந்த வரம்பை ஒப்பித்துவிட்டு அனுப்பக்கூடாது. முதலில் பிரசவக் கதையைக் கேளுங்கள். அந்தக் குழந்தை 32 வாரத்தில் பிறந்திருந்தால் இரண்டு மாதத்தைக் கழிக்க வேண்டும். அப்போது வளர்ச்சியைப் பொறுத்தவரை அது 11 மாதக் குழந்தை. இரண்டு வயது வரை இப்படித் திருத்திய வயதைத்தான் பார்க்க வேண்டும். (தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.)

அடுத்து, குழந்தையைத் தரையில் விடுங்கள். கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறதா, பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்கிறதா, இரண்டு காலிலும் ஒரே மாதிரி எடையைப் போடுகிறதா, கையில் எதையாவது கொடுத்தால் இரண்டு கையையும் நீட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி இன்னொரு கையை மடக்கியே வைத்திருந்தால், "நம்ம பிள்ளை இடதுகைக்காரன்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். நாம் சந்தோஷப்படக்கூடாது. அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டிய குழந்தை அது.

இதெல்லாம் சரியாக இருந்தால் "அடுத்த மாதம் கூட்டிட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்" என்று தேதி சொல்லி அனுப்புங்கள். 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். உங்கள் ஓ.பி.யில் அந்த இரண்டு பதிலில் எது சரி என்பது குழந்தையைத் தரையில் விட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும்.

கிராமத்துச்செவிலி:

பழைய_வார்டு அக்கா சொல்வதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாறுபாடு இருக்கிறது. நான் கிராம சுகாதார செவிலியர். ஆஸ்பத்திரிக்கு வருகிற அம்மா ஏற்கெனவே கவலைப்பட்டு வருகிறார். நாங்கள் போகும் வீடுகளில் கவலையே இருக்காது. அங்கே போய் "17 மாதம் வரைக்கும் நேரம் இருக்கு" என்று சொன்னால், அதோடு முடிந்தது. அடுத்த முறை "நீங்கதானே சொன்னீங்க" என்பார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பையன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பாட்டி, "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று அடித்துச் சொல்கிறார். பையன் துறுதுறுவென்று ஓடுகிறான், சைகையில் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. முன்னால் வந்து கையை அசைத்ததும் சிரித்தான். பிறகு பெரா டெஸ்டில் (சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனை) இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. பிறந்த மாதத்திலேயே காது பரிசோதனை செய்து, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தி, ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்தியிருக்க வேண்டிய பிள்ளை. காது வழியாக மொழி உள்ளே போகிற அருமையான காலம் முழுவதும் சத்தமில்லாமல் போயிருந்தது.

"பையன்னா லேட்டாத்தான் பேசுவான்" என்ற வார்த்தையை எந்த செவிலியும் வாயில் எடுக்கக்கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய_வார்டு:

உங்களோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். நடைக்கு இருக்கிற அகலமான வரம்பைப் பேச்சுக்குக் கொண்டுபோய் வைக்கக்கூடாது. நடப்பது 15 மாதத்துக்குத் தள்ளிப்போனாலும் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பேச்சும் பழகுவதும் அப்படி இல்லை. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 12 மாதமாகியும் மழலைச் சத்தமோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் பொருளோடு ஒரு வார்த்தைகூட இல்லை, 24 மாதத்தில் "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். எந்த வயதாக இருந்தாலும் வந்த வார்த்தை போய்விட்டது, பழகிக்கொண்டிருந்த பிள்ளை பழகவில்லை என்று அம்மா சொன்னால், அதைவிட அவசரமான வாக்கியம் வேறு கிடையாது. பேச்சு தாமதம் என்றாலே முதல் பரிசோதனை காதுக்குத்தான்.

பாப்பாவின்_அப்பா:

நான் நர்ஸ் இல்லை, தேடியபோது இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் பெண்ணுக்கு 2 வயது. எடை 10.2 கிலோ, உயரம் 84 செ.மீ. பக்கத்து வீட்டுக் குழந்தை இதே வயதில் 13 கிலோ. பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லை என்று மாமியார் வருத்தப்படுகிறார். ஒரு வயது வரை நன்றாக எடை போட்டாள், அதன் பிறகு சாப்பாட்டைப் பார்த்தாலே ஓடுகிறாள். டானிக் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

அங்கன்வாடி_டீச்சர்:

சார், போன எடைகள் இருந்தால் சொல்லுங்கள். ஒரு எடையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பாப்பாவின்_அப்பா:

அட்டையில் இருக்கிறது. 12 மாதத்தில் 8 கிலோ, 18 மாதத்தில் 9.1.

அங்கன்வாடி_டீச்சர்:

அப்படியானால் மாமியாரிடம் அந்த அட்டையையே காட்டுங்கள். 2 வயதுப் பெண் குழந்தைக்கு நடு எடை 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று கணக்கு. உங்கள் பெண்ணின் மூன்று புள்ளியும் அட்டையில் சரியான எடையைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள்தான் விழுகின்றன, நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அதே சாய்வில் ஏறிப் போகின்றன. உயரமும் வயதுக்குச் சரியாக இருக்கிறது. அவள் அவளுடைய பாதையில் வளர்கிறாள்.

முதல் வருடம் மாதிரி குழந்தை மறுபடி வளரவே வளராது. பிறந்த எடை 5 மாதத்தில் இரண்டு மடங்காகி, ஒரு வயதில் மூன்று மடங்காகும். நான்கு மடங்காக இரண்டு வயது வரை ஆகும். இரண்டாவது வருடம் முழுவதும் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளரும் வேகம் குறைந்ததால் பசியும் குறைகிறது. அதைத்தான் வீட்டில் "சாப்பிட மாட்டேங்கிறா" என்கிறோம். டானிக் வேண்டாம். தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அவளே எடுத்துச் சாப்பிடட்டும், போன் காட்டி ஊட்டாதீர்கள்.

நாங்கள் பயப்படுவது வேறு மாதிரிக் குழந்தைக்கு. 11 கிலோ இருந்து, மூன்று மாதமாக அதே 11-இல் நின்றுகொண்டு கோடு படுத்துவிட்ட குழந்தை. பச்சையில்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். வயிற்றுப்போக்கா, சளியா, தாய் வேலைக்குப் போக ஆரம்பித்தாரா, அடுத்த குழந்தை உண்டாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டியது அந்த வீட்டில்தான்.

நர்சிங் படிக்கிற தங்கைக்கும் ஒன்று. கோடு சரியாக இருக்க வேண்டும் என்றால் அளவு சரியாக இருக்க வேண்டும். எடை பார்ப்பதற்கு முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கொலுசு, அரைஞாண், ஈர டயப்பர் எல்லாம் கழற்றுங்கள். நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையை மேல் பலகையில் முட்ட வைத்து, குழந்தை நேராக மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். இன்னொருவர் முட்டியை மெதுவாக அழுத்தி, பாதம் செங்குத்தாக நிற்கும்படி கீழ்ப்பலகையைத் தள்ள வேண்டும். ஒரு ஆளாகச் செய்தால் குழந்தை காலை மடக்கும், 2 செ.மீ. காணாமல் போகும், அந்தப் பிள்ளை "குட்டை" என்று பதிவாகிவிடும். 2 வயது வரை படுக்கவைத்து, அதன் பிறகு நிற்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பிள்ளை சுருங்கிவிட்டது என்று பதறாதீர்கள்.

பழைய_வார்டு:

டீச்சர் சொன்னதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறேன். தலைச் சுற்றளவை யாரும் மறக்கக்கூடாது. பிறக்கும்போது ஏறக்குறைய 35 செ.மீ., ஒரு வயதில் 46 அல்லது அதை ஒட்டி. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதற்குப் பிறகு அரை செ.மீ. என்று ஏறும். புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் மேடான இடத்திலும் படும்படி நாடாவைச் சுற்றி, கிடைக்கும் பெரிய அளவை எழுத வேண்டும். கோடு திடீரென்று மேலே தாண்டிப் போனாலும், ஏறாமல் நின்றாலும் இரண்டுமே ஆபத்து. உச்சிக்குழி மூடுவது 12 முதல் 18 மாதம். அதைத் தொட்டுப் பார்க்கும்போது குழந்தை நிமிர்ந்து அமைதியாக இருக்க வேண்டும். அழும்போது எல்லாக் குழந்தைக்கும் குழி மேலே எழும்.

யாழ்_தாதி:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போனதும் மிட்வைஃப் வீடு தேடி வருவா. பிள்ளையின்ட வளர்ச்சிப் பதிவுப் புத்தகம் தாயிடம்தான் இருக்கும். தாய்மாரே அந்தக் கோட்டை வாசிக்கப் பழகியிருக்கினம். வார்டுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். அதைப் பார்க்காமல் அட்மிஷன் எழுதினால் பிள்ளையின்ட பாதிக் கதை தெரியாமலே எழுதுகிற மாதிரி. உங்கட இடத்திலும் தாய் சேய் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

வார்டுக்குப்புதுசு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கேள்விக்கும் யாராவது சொல்லுங்களேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தால் மூச்சை எப்படி எண்ணுவது?

பழைய_வார்டு:

அழுகிற குழந்தையிடம் எண்ணாதீர்கள், அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. குழந்தை அம்மா மடியில் தூங்கும்போதோ பால் குடித்து முடித்ததுமோ, நீங்கள் தள்ளி நின்றுகொண்டு, சட்டையை லேசாக விலக்கச் சொல்லி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வரை 40. அந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு. இதை முதலில் முடித்துவிடுங்கள். அடுத்து ஸ்டெத்தாஸ்கோப். காது, தொண்டை எல்லாம் கடைசி. தொட்டால் அழும் என்று தெரிந்ததைத் தொடக்கத்தில் வைத்தால் மற்ற எதுவும் கிடைக்காது.

6 மாதத்துக்குள் இருக்கும் குழந்தை யார் தூக்கினாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். 8 மாத வாக்கில் புதுமுகத்தைக் கண்டால் அழ ஆரம்பிக்கும். அது கெட்ட பழக்கம் இல்லை, தன் ஆள் யார், அந்நியர் யார் என்று புரிய ஆரம்பித்துவிட்டதன் அடையாளம். அதனால் நேராகக் குழந்தையிடம் போகாதீர்கள். அம்மாவிடம் சிரித்துப் பேசுங்கள், குழந்தை உங்களை அளந்து பார்க்க நேரம் கொடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு அம்மா மடிதான் பரிசோதனை மேசை. "ஊசி போடட்டுமா?" என்று கேட்காதீர்கள். "வேண்டாம்" என்றால் என்ன செய்வீர்கள்? "வலது கையா, இடது கையா?" என்று கேளுங்கள். எதையாவது தானே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அந்த வயதின் தேவை.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். தாயைப் பிரித்து வார்டில் வைத்த குழந்தை முதலில் அலறும், கதவையே பார்க்கும். பிறகு ஓய்ந்துபோய் மூலையில் படுத்துக்கொள்ளும். அதற்கும் பிறகு யார் வந்தாலும் போனாலும் கண்டுகொள்ளாமல் எல்லோரிடமும் சுமுகமாக இருக்கும். இந்த மூன்று கட்டங்களையும் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1950-களில் பதிவு செய்தார். அதுவரை அங்கே பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் கொஞ்ச நேரம்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளின் நலனைப் பற்றி 1959-இல் அங்கே வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், தாய் கூடவே தங்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் ஊரில் அம்மா கூடவே இருப்பது பொதுவாக வழக்கம்தான். ஆனால் ஐ.சி.யூ.விலும் ஆபரேஷனுக்குப் பிறகும் இன்றும் பிரிக்கிறோம். அங்கே இரண்டாம் நாள் அழுகை நின்றதும் "பிள்ளை செட்டில் ஆயிடுச்சு" என்று நோட்டில் எழுதுகிறோம். செட்டில் ஆகவில்லை, நம்பிக்கை விட்டுப்போயிருக்கிறது. அம்மா உள்ளே வந்ததும் மறுபடி அழுதால் "நீங்க வந்தாத்தான் அழுறான்" என்று அம்மாவை வெளியே அனுப்பாதீர்கள். அந்த அழுகை நல்ல அழுகை.

மூன்றிலிருந்து ஆறு வயது வேறு உலகம். தான் செய்த தப்புக்குத்தான் காய்ச்சல் வந்தது என்று நினைக்கிற வயது. ஊசி குத்திய துளை வழியாக ரத்தமெல்லாம் போய்விடும் என்று நிஜமாகவே பயப்படுவார்கள். ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டினால் அமைதியாகிவிடுவார்கள். "சேட்டை பண்ணினா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டும் பெற்றோரைத் தனியாக அழைத்து, அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாம் தண்டனை கொடுக்க வந்தவர்கள் ஆகிவிட்டால் அந்தக் குழந்தை வலியைக்கூட நம்மிடம் சொல்லாது. வலி எவ்வளவு என்பதை ஏறக்குறைய மூன்று வயதிலிருந்து முகப்படங்களைக் காட்டிக் கேட்கலாம். அதற்குக் கீழே முகம், கால், உடலசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா இல்லையா என்பதைப் பார்த்து நாம்தான் மதிப்பெண் போட வேண்டும்.

பள்ளி வயதுக்கு பி.பி. கஃபைக் கையில் கொடுத்து விளக்கினாலே போதும், உதவிக்கே வந்துவிடுவார்கள்.

வார்டுக்குப்புதுசு:

13, 14 வயதுப் பிள்ளைகளும் எங்கள் வார்டில் வருகிறார்கள். அவர்களிடம் என்ன பார்க்க வேண்டும்?

பழைய_வார்டு:

முதலில் திரையை இழுத்துவிடுங்கள். அம்மா எதிரில் கேட்கக்கூடாத கேள்விகளைக் கொஞ்ச நேரம் தனியாக இருக்கும்போது கேளுங்கள். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னால் மார்பு வளர ஆரம்பித்தாலோ, 13 வயதாகியும் ஆரம்பிக்காவிட்டாலோ பார்க்க வேண்டும். ஆண் பிள்ளைக்குப் பருவ மாற்றம் 9 வயதுக்கு முன்னால் ஆரம்பித்தாலோ, 14 வயதாகியும் ஆரம்பிக்காவிட்டாலோ பார்க்க வேண்டும். மார்பு வளர ஆரம்பித்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் பூப்பெய்துவார்கள், உயரம் வேகமாக ஏறுவது பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். "வயசுக்கு வந்த பிறகு வளருவா" என்று காத்திருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

தமிழ்_ஆசிரியை:

மருத்துவம் தெரியாது, ஆனால் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று தோன்றியது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. செங்கீரை ஐந்தாம் மாதம் வாக்கில்: ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: இரண்டு கையும் சேர்த்துக் கொட்டுவது. வருகை ஒரு வயதை ஒட்டி: தளர்நடை போட்டு வருவது. இதற்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களுக்குள் மாதக்கணக்கில் சிறு வேறுபாடு இருக்கிறது. நீங்கள் சொல்லும் அட்டவணையோடு இது பொருந்துகிறதா?

கிராமத்துச்செவிலி:

டீச்சர், அழகாகவே பொருந்துகிறது. கேரளத்தின் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய வளர்ச்சிப் பரிசோதனை அட்டை ஒன்றைப் பயன்படுத்துகிறேன். பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை மொத்தம் 17 செயல்கள்தான். அதில் கைதட்டுவதும் ஒன்று. கிராமத்தில் பாட்டிகளிடம் "சாஞ்சாடம்மா ஆடுறாளா? கைதட்டுறாளா?" என்று கேட்டால் மாதம் தவறாமல் சொல்வார்கள். "மைல்கல்" என்று ஆரம்பித்தால் வாயடைத்துப்போவார்கள்.

வேலூர்_அம்மா:

இடையில் ஒரு கேள்வி. 8 மாதக் குழந்தைக்கு உட்காரவைத்து ஓட்டும் வாக்கர் வாங்கலாமா? சீக்கிரம் நடக்கும் என்கிறார்கள்.

பழைய_வார்டு:

வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடவும், அடுப்பில் இருப்பதை எட்டி இழுக்கவும்தான் அது உதவும். கனடாவில் 2004-இலேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். பாயை விரித்துத் தரையில் விடுங்கள். நின்று பழகிய பிறகு பிடித்துத் தள்ளும் நம் மரத்து நடைவண்டி வேறு விஷயம், யாராவது கூடவே இருந்தால் சரி.

வார்டுக்குப்புதுசு:

கிராமத்துச்செவிலி அக்கா, அந்த 17 செயல் அட்டையை எப்படிப் பயன்படுத்துவது? குறைபாடு தெரிந்தால் எங்கே அனுப்புவது?

கிராமத்துச்செவிலி:

ஐந்து நிமிட வேலைதான். அட்டையில் கீழே மாதங்கள், மேலே ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. குழந்தையின் வயதில் (குறைப்பிரசவம் என்றால் திருத்திய வயதில்) ஒரு பென்சிலைச் செங்குத்தாக வையுங்கள். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன எல்லாப் பட்டைகளும் குழந்தை செய்திருக்க வேண்டியவை. அதில் ஒன்று விடுபட்டாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதுவே நோய் என்று முடிவாகாது, அம்மாவிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அனுப்ப வேண்டிய இடம், மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று 18 வயது வரை பார்ப்பார்கள். அந்தத் திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். ஆனால் குழு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சீட்டு எழுதி நேராக அனுப்பலாம். காது கேட்காத குழந்தைகளுக்கு கோக்லியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடும் வீட்டில் இதை முதலில் சொல்லுங்கள்.

சீட்டு எழுதிக் கொடுத்ததோடு விடாதீர்கள். அந்த அம்மாவின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, போனார்களா என்று அடுத்த வாரம் கேளுங்கள். போகாதவர்களில் பாதிப்பேர் பஸ்ஸுக்குக் காசில்லாமலோ, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமலோதான் போகாமல் இருப்பார்கள். அதற்கு வழி கண்டுபிடிப்பதும் நம் வேலைதான்.